பேசியது ஒன்று, பில் ஒன்று

ராயக்கோட்டை, கெலமங்கலம், சூளகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே வழக்குதான்: பேசிய தொகை ஒன்று, கடைசியில் கேட்ட தொகை வேறு. சிப்காட் தொழிற்பேட்டைச் சம்பளத்தில் மாடி எடுப்பவருக்கும் தக்காளித் தோட்டத்துக்கு போர் போடுபவருக்கும் அதே தலைவலி. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.

கே: மாடியில் ஓர் அறையும் பாத்ரூமும் கட்ட, பொருளோடு சேர்த்து 4,20,000 ரூபாய் என்று பேசினோம். முடிந்ததும் மேஸ்திரி 5,65,000 கேட்கிறார். "சிமென்ட் ஏறிடுச்சு, கம்பி ஏறிடுச்சு, நீங்களும் நடுவுல எக்ஸ்ட்ரா வேலை சொன்னீங்களேம்மா" என்கிறார். கொடுத்துத்தான் ஆகவேண்டுமா? (வாசகி, ராயக்கோட்டை)

ப: மொத்தத் தொகையை வைத்து வாக்குவாதம் செய்யாதீர்கள், அது முடியவே முடியாது. கூடுதலாகக் கேட்கும் 1,45,000 ரூபாயை வரி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் அது தானாகவே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஒன்று, பேசிய அதே வேலைக்கு ஏறிய விலை. மற்றொன்று, பேச்சில் இல்லாத புது வேலை.

ஏறிய விலை மேஸ்திரியின் பாடு. பொருளோடு மொத்தமாகப் பேசிவிட்டால், விலை இறங்கியபோது லாபத்தை உங்களிடம் தரமாட்டார். ஏறியபோது மட்டும் உங்களிடம் வரக்கூடாது. இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தர அலோபி பர்ஷாத் நிறுவனம் 1937-இல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. நடுவில் இரண்டாம் உலகப் போர் வந்தது. நிலைமையே மாறிவிட்டது, பேசிய விகிதத்துக்கு மேல் கொடுங்கள் என்று நிறுவனம் கேட்டது. 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது: செலவு கூடியது என்பதற்காக ஒப்பந்தத்தை மாற்றி எழுத முடியாது. உலகப் போருக்கே கிடைக்காத சலுகை கம்பி விலைக்குக் கிடைக்காது.

புது வேலை கதை வேறு. அங்கே நியாயம் மேஸ்திரி பக்கம். 1944-இல் வங்காளத்தில் பி.கே. மண்டல் நிறுவனம் அரசின் குடிமைப் பொருள் துறைக்காகக் கிடங்கு உள்ளிட்ட கட்டடங்களைக் கட்டியது. முறையான ஒப்பந்தம் இல்லை. அரசு அவற்றைப் பயன்படுத்தியது, பணம் தர மட்டும் மறுத்தது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவைக் காட்டி 1961-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இலவசமாகச் செய்ய நினைக்காத ஒருவரின் உழைப்பை அனுபவித்தால் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும்.

அம்மா, உங்களையும் கேட்கிறேன். லாஃப்ட் அகலத்தைக் கூட்டச் சொன்னீர்களா? பாத்ரூம் டைல்ஸை லிண்டல் மட்டத்தில் நிறுத்தாமல் கூரை வரை ஒட்டச் சொன்னீர்களா? சொல்லாவிட்டாலும், கண் முன்னே நடந்ததைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்களா? அதற்கெல்லாம் கொடுத்துவிடுங்கள். ஆனால் அவர் வாயில் வந்த தொகை அல்ல. அந்த வேலைக்கு நம் ஊரில் நடப்புக் கூலி என்னவோ அது. வேறு இரண்டு மேஸ்திரிகளிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

பழைய சுவரை இடித்தபோது உள்ளே உளுத்துப்போயிருந்தது, அதற்கு ஆன செலவு என்று ஒரு வரி இருந்தால், இடித்த அன்றே உங்களைக் கூப்பிட்டுக் காட்டினாரா என்பதுதான் கேள்வி. காட்டியிருந்தால் பாதியாவது தரலாம் என்பது என் கருத்து. பூசி மூடிவிட்டுச் சொன்னால் எதை வைத்து நம்புவது?

கே: "சுமாரா இவ்வளவு ஆகும்" என்றுதான் சொன்னார். சுமாராகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடியுமா? (உத்தனப்பள்ளி)

ப: பத்து ரூபாய்க்கு முடியாது, இரண்டு மடங்குக்கு முடியும். சொன்ன தொகையைத் தாண்டப் போகிறது என்று தெரிந்த நாளில் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஜெர்மனியின் சிவில் சட்டம் 649-வது பிரிவில் இதை ஒரு கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது: மதிப்பீட்டைக் கணிசமாகத் தாண்டும் என்றால் உடனே சொல்ல வேண்டும், வேலை கொடுத்தவர் அதோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் கார் ரிப்பேர் கடைக்காரர் வண்டிக்காரரின் சம்மதம் வாங்காமல் எழுதித் தந்த மதிப்பீட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. அப்படி ஒரு வரி நம் சட்டப் புத்தகத்திலும் தெளிவாக ஏற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கே: பெயின்டர் சதுர அடிக்கணக்கில் பேசினார். கதவு, ஜன்னல் இடத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார். காற்றுக்கா பெயின்ட் அடித்தார்? (ஓசூர்)

ப: நல்ல கேள்வி, ஆனால் அவசரப்படாதீர்கள். அளவெடுப்புக்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதன்படி அரை சதுர மீட்டர் வரையுள்ள சிறு திறப்புகளைக் கழிக்கவே வேண்டாம். அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். மறுபக்கத்தைக் கழிக்காமல் விடுவது நிலையின் ஓரங்களில் செய்யும் வேலைக்காக. 3 அடிக்கு 7 அடி கதவு கிட்டத்தட்ட 2 சதுர மீட்டர். ஆக, ஒரு பக்கம் கழித்திருந்தால் அவர் கணக்கு சரி. இரண்டு பக்கமும் கழிக்காவிட்டால் உங்கள் கோபம் சரி. டேப்பை நீங்களும் ஒரு முனையில் பிடியுங்கள்.

கே: சப்மெர்சிபிள் மோட்டாரை ரீவைண்டிங் கடையில் விட்டேன். 6,500 என்றவர் இப்போது 11,000 கேட்கிறார். கொடுத்தால்தான் மோட்டார் என்கிறார். தக்காளி வாடுகிறது. (விவசாயி, ராயக்கோட்டை அருகில்)

ப: உங்கள் அவசரம் புரிகிறது, அதனால் நேராகச் சொல்கிறேன். செய்த வேலைக்கான கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை உண்டு (ஒப்பந்தச் சட்டம், 170-வது பிரிவு). நியாயமான கூலிக்குத்தான் அந்த உரிமை, நினைத்த தொகைக்கு அல்ல. ஆனால் எது நியாயம் என்று முடிவாகும் வரை செடி தாங்காது. ஆகவே பணத்தைக் கட்டி மோட்டாரை எடுங்கள். ரொக்கமாக வேண்டாம், ஜி-பே போன்ற வழியில் அனுப்புங்கள். அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "பேசியது 6,500. மீதி 4,500-ஐ ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், திரும்பக் கேட்பேன்." சும்மா கட்டினால் ஒப்புக்கொண்டதாகப் பேசுவார்கள். இந்த ஒரு வரி அதைத் தடுக்கும்.

கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள். பேரிங், புஷ் மாற்றினேன் என்றால் கழற்றிய பழசு எங்கே? உள்ளேயிருந்து எடுத்த பழைய காப்பர் எத்தனை கிலோ, அதன் விலையைக் கழித்தாரா? காப்பரைப் பற்றிக் கேட்ட மாத்திரத்தில் பல பில்கள் இறங்கிவிடும்.

"விவசாயி நுகர்வோர் இல்லை" என்று யாராவது பயமுறுத்தினால், தேசிய விதைக் கழக வழக்கில் 2012-லேயே உச்ச நீதிமன்றம் விவசாயியை நுகர்வோர் என்று ஏற்றுக்கொண்டதைச் சொல்லுங்கள்.

கே: போர் போட்டவர்கள் அடிக்கணக்கில் ஏமாற்றிவிட்டார்களோ என்று சந்தேகம். (சூளகிரி)

ப: போட்ட பிறகு சந்தேகப்படுவது கஷ்டம், போடும்போது எண்ணுவது சுலபம். திருச்செங்கோட்டு வண்டியோ வேறெந்த ஊர் வண்டியோ, ராடு ஒவ்வொன்றும் எத்தனை அடி என்று முதலில் கேளுங்கள், இறங்குவதை எண்ணி எழுதுங்கள். அடிக்கு இவ்வளவு என்று பேசும்போது எத்தனை அடிக்கு மேல் ரேட் ஏறும் என்று கேட்க மறக்காதீர்கள்; ஆழம் கூடக்கூட ரேட்டும் கூடுவது அந்தத் தொழிலின் வழக்கம். கேசிங் பைப் தனிக் கணக்கு. நம் பக்கம் மேலே மண்ணும் மக்கிய பாறையும், அதன் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறை எங்கே தொட்டதோ அதை ஒட்டித்தான் கேசிங் நிற்கும். பில்லில் கேசிங் நீளம் அதற்கு வெகுவாக மேலே போனால் விளக்கம் கேளுங்கள்.

கே: பில் கேட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட்டுவேன் என்கிறார். (கெலமங்கலம்)

ப: ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்யாதவர் அந்த வரியை வாங்கவே கூடாது. சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் வாடிக்கையாளரிடம் வசூலிக்கக்கூடாது. எண் 15 இலக்கம், அரசு இணையதளத்தில் போட்டால் பெயர் வரும். 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். எண்ணே இல்லாமல் 18 சதவீதம் என்றால் அந்தப் பணம் அரசுக்குப் போகாது. செய்த வேலைக்கு பில் தர மறுப்பதையே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது.

கே: மாடுலர் கிச்சன் செய்தவர் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்காரர். "கேஸ் போடறதுனா பெங்களூருக்கு வாங்க" என்று சிரிக்கிறார். (ஓசூர்)

ப: அவர்தான் கிருஷ்ணகிரிக்கு வரவேண்டியிருக்கும். பழைய 1986 சட்டத்தில் அவர் சிரிப்புக்கு ஓரளவு இடமிருந்தது. 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த 2019 சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம் என்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள்.

வீட்டு வேலை இந்தச் சட்டத்தில் வருமா என்ற சந்தேகமே வேண்டாம். லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-லேயே வீடு கட்டித் தருவதும் சேவை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கே: நான் கொத்தனார். எல்லாரும் எங்களையே திட்டுறீங்க. வீட்டுக்காரங்க சொல்லச் சொல்ல வேலை செஞ்சேன், இப்ப 38,000 பாக்கி தரமாட்டேங்கறாங்க. நான் எங்க போறது? (ராயக்கோட்டை)

ப: உங்களைத் திட்டவில்லை அண்ணா. மேலே மண்டல் வழக்கைச் சொன்னது உங்களுக்காகவும்தான். நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது, அது பணம் கொடுத்தவருக்கான இடம். உங்களுக்கு சிவில் நீதிமன்றம் இருக்கிறது. வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம். ஆனால் 38,000 ரூபாய்க்கு வருடக்கணக்கில் அலைய உங்களால் முடியாது. எனவே முதலில் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். வழக்கு போடும் முன்பே லோக் அதாலத்தில் இருவரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். அங்கே முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

ஆத்திரத்தில் மாட்டிய கதவைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள், சாவியையும் பிடித்து வைக்காதீர்கள். அந்த நிமிடமே உங்கள் நியாயமான வழக்கு போலீஸ் வழக்காகிவிடும். அடுத்த வேலையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, சொன்ன எக்ஸ்ட்ரா வேலை, அதற்கு எவ்வளவு, கீழே வீட்டுக்காரரின் கையெழுத்து. கையெழுத்துக்குத் தயங்கினால், "அண்ணா, இன்னைக்குச் சொன்ன ஷெல்ஃபுக்கு 4,000 ஆகும், செய்யட்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, உங்கள் இருவருக்கும் புரிகிற மொழியில். "சரி" என்று பதில் வந்த பிறகு கரண்டியை எடுங்கள்.