மேஜிக் கார்டுகளில் ஜந்துபலம் – ஓர் ஆய்வு

பாயிரம்

எந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ‘ஓர் ஆய்வு’ என்று சேர்த்துவிட்டால் அது ஆய்வாகிவிடும் என்பது நம் கல்விப்புலம் கண்டறிந்த பேருண்மை. அவ்வழி நின்று, ‘மேஜிக்: த கேதரிங்’ என்னும் கார்டு ஆட்டத்தில் வரும் ஜந்துக்களுள் வலிமை மிக்கது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இப்பொருளை இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததில்லை. ஆராய்ந்திருந்தால் அது ஆராய்ச்சி அன்று.

ஆட்டத்தை ஆக்கியவர் ரிச்சர்டு கார்ஃபீல்டு, கணிதத்தில் முனைவர். முதல் கார்டுகள் 1993இல் விற்பனைக்கு வந்தன. முனைவர் ஆக்கியதை முனைவரே விளக்கவேண்டும் என்பது மரபு. இக்கட்டுரையாளர் முனைவர் அல்லர். ஆயினும் முனைவர் பட்ட ஏடுகள் பலவற்றுக்குக் காசு வாங்கிக்கொண்டு பிழை திருத்தியவர் என்பதால், பிழைகளில் போதிய பயிற்சி உண்டு.

முதன்மைத் தரவு: கார்டுகள். துணைமைத் தரவு: என் அக்கா மகன் (எட்டாம் வகுப்பு). ஆய்வு எல்லை: கார்டுகள் இருபதாயிரத்துக்கும் மேல் இருப்பதால், நமக்குச் சாதகமானவை மட்டும்.

ஆட்டம் அறியாதோர்க்கு ஒரு சொல். இருவர் ஆடுவது. ஆளுக்கு இருபது உயிர்ப்புள்ளி. ஒவ்வொரு கார்டையும் இறக்க ‘மானா’ என்றொரு செலவு உண்டு. அதை நிலக் கார்டுகள் தரும். சுற்றுக்கு ஒரு நிலம்தான் போடலாம் என்பதால் மானா மெல்லத்தான் சேரும். ஜந்துக் கார்டின் அடி மூலையில் 4/4, 2/1 என்று இரண்டு எண்கள் இருக்கும். முன்னது அடிக்கும் அளவு, பின்னது தாங்கும் அளவு. இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டுதான் முப்பதாண்டுக்கு மேலாகச் சண்டை.

எண்வாதம்

பெரிய எண் உள்ளதே பெரிய ஜந்து என்பார் எண்வாதியர். அற்றன்று. என்னையெனின், பெரிய எண்ணோடு பெரிய சள்ளையும் சேர்த்தே அச்சிட்டார்கள். 1993இன் ‘ஃபோர்ஸ் ஆஃப் நேச்சர்’ 8/8; ஆனால் சுற்றுக்கு நான்கு பச்சை மானா கொடுக்காவிட்டால் வளர்த்தவனையே எட்டுப் புள்ளி அடிக்கும். 1994இன் ‘லெவியதன்’ 10/10. அதை எழுப்ப இரண்டு தீவு, தாக்க அனுப்ப மேலும் இரண்டு தீவு பலி கொடுக்கவேண்டும். 1995இன் ‘போலார் கிராக்கன்’ 11/11; சுற்றுக்குச் சுற்று மேலும் மேலும் நிலத்தைத் தின்னும். 1996இன் ‘ஃபைரெக்சியன் டிரெட்நாட்’ 12/12, விலை ஒரே மானா. வந்தவுடன் பன்னிரண்டு அடி அளவுக்குச் சொந்த ஜந்துக்களைப் பலி கேட்கும், இல்லையேல் தானே மாயும். இவை வலிமை அல்ல, பராமரிப்புச் செலவு என்க.

1998இல் ‘பி.எஃப்.எம்.’ வந்தது. 99/99. பதினைந்து கறுப்பு மானா. ஒரு கார்டில் அடங்காமல் இடப்பாதி, வலப்பாதி என இரண்டு கார்டுகளாக அச்சிடப்பட்டது. இரண்டும் கையில் சேர்ந்தால்தான் இறக்க முடியும். மூன்று ஜந்துக்களுக்குக் குறைவாக இதன் வழியை மறிக்க இயலாது. இடப்பாதியே மூலம், வலப்பாதி பிற்காலத்தார் சேர்த்த இடைச்செருகல் என்று நிறுவ முயன்றேன். இரண்டும் ஒரே தொகுதியில் ஒரே நாளில் வெளிவந்தவை என்று அக்கா மகன் மறுத்தான் (வாய்மொழி, மொட்டை மாடி). காலத்தை ஆதாரம் காட்டுவது ஆய்வாளனுக்கு அழகன்று.

2017இல் ‘இன்ஃபினிட்டி எலிமெண்டல்’ வந்தது. அடிக்கும் அளவு முடிவிலி. தாங்கும் அளவு ஐந்து. முடிவிலிக்கு மேல் எண் இல்லை (‘முடிவிலி கூட்டல் ஒண்ணு’ – அக்கா மகன், வாய்மொழி, அதே மாடி, மாவு காய்ந்துகொண்டிருந்தபோது). எனவே எண்வாதம் இவ்விடத்தே முற்றுப்பெறவேண்டும்.

இவை இரண்டும் கேலிக்கென்றே அச்சிட்ட தொகுதிகளில் வந்தவை, போட்டிகளில் செல்லா, ஆகவே ஆய்வுக்கு உரியன அல்ல என்பாரும் உளர். கேலிக்கு அச்சிட்டதை எல்லாம் ஒதுக்கினால் நம் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளில் என்ன எஞ்சும் என்று அவர் சொல்லட்டும்.

தேவதைகள்

‘செர்ரா ஏஞ்சல்’ 4/4. 1997இன் ஐந்தாம் பதிப்பில் இடம் போனது, 2001இன் ஏழாம் பதிப்பில் திரும்பக் கிடைத்தது, அதற்குள் காலம் அவளைத் தாண்டிவிட்டது.

டிராகன்கள்

பறக்கும்.

செலவுவாதம்

இவ்வாதத்துக்கு யாமே ஒரு நூற்பா இயற்றியுள்ளோம்: ‘பேரெண் உடையது பேருயிர் அன்றே, சிறுசெலவு உடையதே செருவில் நிற்கும்.’ உரையும் நம்முடையதே. உரையில் நூற்பாவை மறுத்திருக்கிறோம், மரபு அது.

2021இன் ‘ரகவன்’ ஒரு குரங்கு. 2/1, விலை ஒரு மானா. முதல் சுற்றிலேயே இறங்கி, அடித்த ஒவ்வொரு முறையும் ஒரு புதையலும் எதிராளி டெக்கின் (கார்டுக்கட்டின்) மேல் கார்டும் தட்டிக்கொண்டு வரும். லெவியதன் எழுந்து உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். 2022 ஜனவரியில் லெகசி வகை ஆட்டத்தில் தடை செய்தார்கள். லெவியதனை எந்த ஆட்டத்திலும் யாரும் தடை செய்ய நினைத்ததில்லை.

இன்னும் நுட்பமானது ‘டெத்ஸ் ஷேடோ’. ஒரு மானாவுக்கு 13/13. ஆனால் ஆடுபவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி மிச்சமோ அத்தனையும் இரண்டு எண்களிலும் கழியும். இருபது புள்ளியோடு திடமாக இருக்கிறவன் இறக்கினால் அக்கணமே சாகும். பன்னிரண்டு புள்ளிக்கு இறங்கினால் 1/1. ஒரே புள்ளியில் உயிர் ஊசலாடும்போது 12/12. ஆகவே இதை வைத்து ஆடுவோர் எதிராளி அடிக்கும்வரை காத்திருப்பதில்லை. தம் உயிரைத் தாமே செலவழித்துக் குறைத்துக்கொள்வர். நெறியாளர் பணி ஓய்வு பெறும் ஆண்டில்தான் ஆய்வு மாணவருக்கு வேகம் பிடிப்பதைப் போன்றது இது.

விலைவாதம் என்றொரு கிளையும் உண்டு. 2007இன் ‘டார்மோகாய்ஃப்’ இரண்டு மானா. இரு தரப்புக் கல்லறைகளிலும் (தீர்ந்த கார்டுகளின் குவியல்) எத்தனை வகைக் கார்டுகள் கிடக்கின்றனவோ அத்தனை பெரிதாகும். 2015இல் லாஸ் வேகஸ் கிராண்ட் பிரீ போட்டியின் இறுதிக் கட்டத்தில், பொதியிலிருந்து கார்டு பொறுக்கும்போது, தம் டெக்குக்கு உதவும் கார்டை விட்டுவிட்டு ஒருவர் மினுமினு பதிப்பு டார்மோகாய்ஃபை எடுத்துக்கொண்டார். ஆட்டதர்மம் போயிற்று என்று பெரிய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அந்த ஒற்றைக் கார்டு ஏலத்தில் ஏறக்குறைய 15,000 டாலருக்குப் போனது. பாதித் தொகை அறக்கொடைக்கு. பிற்பாடு மறுபதிப்புகள் வந்து டார்மோகாய்ஃப் விலை விழுந்தது. ஜந்து மட்டும் அதே ஜந்து. விலைவாதியர் அன்றுமுதல் வேறு கார்டுகளைப் பற்றிப் பேசுகின்றனர்.

செத்துப்போம்வாதம்

எந்த ஜந்தைச் சொன்னாலும் ‘அது செத்துப்போகுமே’ என்பார் ஒரு சாரார். ‘டூம் பிளேடு’ என்று இரண்டு மானாவில் ஒரு மந்திரக் கார்டு உண்டு. கறுப்பல்லாத எந்த ஜந்தையும் கொல்லும். ‘ஸ்வோர்ட்ஸ் டு பிளௌஷேர்ஸ்’ ஒரே மானாவில் ஜந்தை ஆட்டத்தைவிட்டே அகற்றும். ஆறுதலாக, அதன் அடியளவுக்கு உரியவனுக்கு உயிர்ப்புள்ளி கிடைக்கும். பி.எஃப்.எம்.மை இழந்தவன் 99 புள்ளியோடு வீடு போகலாம். இவ்வாதியர் நிலையாமை பேசுவதில் சித்தர் மரபினர் எனினும், தம் ஜந்து சாகும்போது மட்டும் கார்டை மேசையில் அறைவர்.

இவர்க்கு மறுப்பாக 2010இல் ‘எம்ரகுல்’ வந்தது. 15/15, பறக்கும், விலை பதினைந்து மானா. நிறமுள்ள மந்திரம் எதுவும் அதைத் தொடாது. முறையாக இறக்கினால் இன்னொரு சுற்றும் இனாம். அது தாக்கும்போது எதிராளி தன் பக்கத்திலிருந்து ஆறு கார்டுகளைப் பலி கொடுக்கவேண்டும். அண்டம் விழுங்கும் இதனை ‘காரகாஸ்’ என்னும் ஓர் ஊர், வெறும் நிலக் கார்டு, எடுத்துக் கைக்குத் திருப்பி அனுப்பிவிடும். 2019இல் வந்த ‘ஓகோ’ என்னும் மாயாவி இன்னும் மேல். அவன் ஜந்தே அல்லன், எனவே எம் ஆய்வு எல்லைக்குள் வாரான். எம்ரகுலைச் சுட்டினால் போதும். அது தன் திறமெல்லாம் இழந்து 3/3 மானாகிவிடும்.

தடைவாதம்

வலிமைக்கு அளவு தடையே என்பது நேர்மையான வாதம். 2019 ஜூனில் வந்து ஆகஸ்டில் மாடர்ன் ஆட்டத்தில் தடைபட்ட ‘ஹோகாக்’ இதற்குச் சான்று. அதனினும் மேற்சான்று 2020இன் ‘லூரஸ்’. 3/2 பூனை. விண்டேஜ் என்னும் பழம்பெரும் ஆட்டத்தில் ‘பிளாக் லோட்டஸ்’ போன்ற கொடுங்கார்டுகளைக்கூடத் தடை செய்வதில்லை. டெக்குக்கு ஒன்று என்று கட்டுப்படுத்துவதோடு சரி. லூரஸோ தோழனாக டெக்குக்கு வெளியே உட்கார்ந்திருந்து, வேண்டும்போது அங்கிருந்தே இறங்கும். ஒன்று என்று கட்டுப்படுத்தினால், அதற்குத் தேவை அந்த ஒன்றுதான். வேறு வழியின்றி 2020 மே மாதம் தடை செய்தார்கள். தோழன் விதியைத் திருத்தியபின் 2021இல் தடையை நீக்கினார்கள். பூனையோடு ஆய்வை முடித்திருந்தால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும்.

காகம்

1996இல் வெளிவந்தது ‘ஸ்டார்ம் க்ரோ’. இரண்டு மானா. 1/2. பறக்கும். வேறொன்றும் செய்யாது. எளிதில் கிடைப்பது. இதுவே ஆட்டத்தின் ஆகப்பெரும் ஜந்து என்று ஆடுவோர் நெடுங்காலமாகக் கேலி பேசி வருகின்றனர். கேலியை மெய்ப்பிப்பது ஆய்வாளன் கடன்.

முதலில் பாடபேதம். முதல் வெளியீட்டிலேயே இக்காகம் இரண்டு வேறு ஓவியங்களோடு அச்சானது. எது மூலக்காகம், எது படியெடுத்தோர் வரைந்த காகம் என்பதை இரு தொகுதிகளாகப் பின்னர் எழுதுவோம்.

இனி வலிமை. ஜந்து தாக்க வரும்போது இன்னொரு ஜந்து குறுக்கே நின்று மறித்தால், அடி முழுவதும் மறித்ததன் மேல் விழும். மீறிப் பாயும் திறம் தனியே இருந்தாலொழிய ஆடுபவனுக்கு ஒரு கீறலும் இல்லை. ‘மாரிட் லேஜ்’ என்னும் டோக்கன் (ஆட்டத்துக்குள்ளேயே உருவாகும் ஜந்து) 20/20, பறப்பது, அழியாதது. ஒரு காகம் குறுக்கே பறந்தால் அன்றைய தாக்குதல் பாழ். எம்ரகுல் வருகிறதா? நம் பக்கம் ஏழு கார்டுகள் இருக்கட்டும்; ஆறைக் கொடுத்து ஏழாவதாகிய காகத்தை வைத்துக்கொண்டால் அண்டம் விழுங்கியும் காகத்தோடு நின்றது. பி.எஃப்.எம்.முக்கு மூன்று காகம். அதன் 99 அடியும் தாங்குபுள்ளி ஆறில் கரைந்தது. முடிவிலிக்கு ஒரே காகம். முடிவிலி அடியை இரண்டு தாங்குபுள்ளியில் வாங்கிய உயிர் வேறு எங்கேனும் உண்டா என்று கேட்கிறோம். (‘எந்த ஜந்து நின்னாலும் அப்படித்தானே மாமா?’ – அக்கா மகன், வாய்மொழி, தோற்றபின் கூறியது. ஜெயித்தபின் கூறியதோடு ஒப்பிடுக. இரண்டிலும் ‘மாமா’ என்னும் விளியின் அழுத்த வேறுபாடு நோக்குக.)

மறிப்பது மட்டுமன்று, கொல்லவும் கூடும். முடிவிலியின் தாங்குபுள்ளி ஐந்து. காகத்தின் அடி ஒன்று. ஐந்து காகங்கள் சேர்ந்து மறித்தால் ஐந்தும் மாயும். முடிவிலியும் அதே நொடியில் மாயும். இங்கேதான் ஆய்வின் ஆகப்பெரும் சிக்கல் தோன்றுகிறது: ஒரே பெயரில் டெக்குக்கு நான்கு கார்டுகளுக்கு மேல் கூடாது என்பது விதி. நான்கு காகம், நான்கு அடி. முடிவிலி ஒரே புள்ளியில் தப்பிக்கிறது.

ஐந்தாம் காகம் எங்கே? அது கடல்கோளில் அழிந்தது என்பது ஒரு கொள்கை. எமக்கு உவப்பானது; ஆதாரம் தேவையில்லை. இரு ஓவியம் இருப்பதால் காகம் இரண்டு இனம், ஆகவே எட்டு வைக்கலாம் என்பது மற்றொன்று. விதி பெயரைத்தான் எண்ணும், படத்தை அன்று என்பதால் வீழ்ந்தது. மூன்றாவது போலிக்காகக் கொள்கை. 1993இலேயே வந்த ‘குளோன்’ எந்த ஜந்தின் உருவையும் எடுக்கும். காகத்தின் உருவெடுத்தால் ஐந்தாம் காகம் ஆயிற்று, முடிவிலி வீழ்ந்தது. (‘குளோன் கையில இருந்தா முடிவிலியையே காப்பி அடிக்காம, காக்காவ யாராவது காப்பி அடிப்பாங்களா?’ – அக்கா மகன், வாய்மொழி, மாடிப்படி நான்காம் படிக்கட்டு. என் மறுமொழி, ‘ஆய்வாளன் அடிப்பான்’. இரண்டையும் கேட்ட அக்காவின் ‘ரெண்டு பேரும் சாப்பிட வாங்க’ என்னும் கூற்று இருதரப்புக்கும் பொதுவான மறுப்பாகக் கொள்ளத்தக்கது.)

ஒரு தடங்கல்

2019இல் உண்மையான ஆய்வாளர் மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்த ஆட்டத்தின் கார்டுகளைத் தக்கபடி அடுக்கினால் டூரிங் எந்திரம் ஒன்றையே கட்டிவிடலாம், ஆகவே ஆட்டத்தின் குறிப்பிட்ட சில நிலைகளில் யார் வெல்வார் என்பதை எந்தக் கணினியாலும் பொதுவாகக் கண்டறிய இயலாது என்று அவர்கள் மெய்ப்பித்திருக்கிறார்கள். அந்த எந்திரத்தில் விதிகளைச் சுமந்து நிற்பது ‘ராட்லங் ரீஅனிமேட்டர்’ என்னும் சாதாரண 2/2 பிணம். அது செத்த உயிர்களுக்குப் பதில் புதிய உயிர்களை எழுப்பிக்கொண்டே கணக்குப் போடும். தரவரிசைப் பட்டியல் எழுதுவோர் இதைப் படித்தபின் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. யாமும் வைக்கவில்லை. அவர்கள் கட்டுரை பயனுள்ளது, பிழையற்றது, தெளிவானது என்பதால் ஆய்வு மரபுக்குப் புறம்பானது என ஒதுக்குகிறோம்.

மேலாய்வுக்கு உரிய களங்கள்

காகத்தின் கால் நகம். காகமும் பூனையும்: ஓர் ஒப்பீடு. எம்ரகுல் மானாதற்கு முன்னும் பின்னும். பி.எஃப்.எம். இடப்பாதியில் பெண்ணியம். காகத்தின் வலச்சிறகை ஒருவர் ஏற்கெனவே தலைப்பாகப் பதிவு செய்துவிட்டார். இடச்சிறகு காலியாக இருக்கிறது. வருகிறவர் கட்டணத்தோடு வரவும்.