இன்றைக்கு முடியாதப்பா

சில வருடங்கள் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு முதலாளி ஒரு நாட்டில், வாடிக்கையாளர்கள் பல நாடுகளில், வேலை செய்கிறவர்கள் மட்டும் பழைய மகாபலிபுரம் சாலையில். எங்கள் விடுமுறைப் பட்டியலில் டிசம்பர் 25 உண்டு. 26 கிடையாது. அன்று காலை பாதி விளக்கு அணைந்த தளத்தில் தனியாக உட்கார்ந்து, ஏதோ ஒரு ஃபைலுக்கு ஒப்புதல் கேட்டு உலகம் முழுக்க மெயில் தட்டிவிடுவேன். அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான், என்ன சுறுசுறுப்பு என்று திறந்தால், பேசுவது அவன் இல்லை, அவன் விட்டுப்போன இயந்திரம். “நான் இன்று அலுவலகத்தில் இல்லை.”

அதோடு நிறுத்தியிருந்தால் கோபம் வந்திருக்காது. ஒவ்வொருவரும் காரணமும் எழுதியிருந்தார்கள். மான்செஸ்டர்க்காரருக்கு அன்று பாக்ஸிங் டே. டப்ளினில் செயின்ட் ஸ்டீபன் தினம். ஆம்ஸ்டர்டாமில் இரண்டாம் கிறிஸ்துமஸ். ஹெல்சிங்கி அம்மணிக்கு தபானி நாள். ஜோகன்னஸ்பர்க்கில் நல்லெண்ண நாளாம். என்மேல் அந்த நல்லெண்ணத்தில் ஒரு துளியும் தெறிக்கவில்லை. காரணத்தை நான் ஒரே வரியில் எழுதித் தந்திருப்பேன்: நேற்றுச் சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை. உலகத்தில் எந்த இனமும் அதை அப்படி எழுத முன்வந்ததில்லை. புனிதரைக் கூப்பிடுகிறார்கள், குதிரையைக் கூப்பிடுகிறார்கள், ஒரு சின்னஞ்சிறு குருவியைக்கூட விடவில்லை. அகப்பட்டதையெல்லாம் இழுத்து வந்து மறுநாளுக்கு ஒரு லீவ் லெட்டர் தயார் செய்திருக்கிறார்கள். பதில் மெயில் வராத அந்தப் பகல்களில் எனக்கும் வேறு வேலை இல்லை. லெட்டர்களை ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தேன்.

அதிகம் பேர் கையெழுத்து வாங்கியிருப்பது செயின்ட் ஸ்டீபனிடம், அதாவது ஸ்தேவானிடம்தான். கிறிஸ்தவத்தின் முதல் இரத்தசாட்சி, கல்லெறிந்து கொன்றார்கள். மேற்கத்திய திருச்சபை அவர் திருநாளை டிசம்பர் 26இல் வைத்தது. கிழக்குத் திருச்சபையில் அந்த நாளை மாதாவுக்குக் கொடுத்துவிட்டு இவரை 27க்குத் தள்ளிவிட்டார்கள். இரத்தசாட்சி ஆவதற்கு முன்னால் இவர் பார்த்த வேலைதான் எனக்குப் பிடித்தது. எருசலேம் சபையில் விதவைகளுக்குச் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று புகார் கிளம்பியபோது, பந்தியைக் கவனிக்க ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழில் முதல் பெயர் ஸ்தேவான். விருந்துக்கு மறுநாளைப் பந்தி விசாரித்தவர் பெயரில் எழுதிவைத்தவன் யாராயிருந்தாலும் கல்யாண வீடு தெரிந்த ஆள்.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரை முடியப்பர் என்பார்கள். ஸ்டீபன் என்ற கிரேக்கப் பெயருக்கு முடி, கிரீடம் என்று பொருள், அதனால் முடியப்பர். அது தெரிந்த பிறகு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்த அத்தனை பதிலும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது: “இன்றைக்கு முடியாதப்பா.”

புனிதருக்கு மரியாதை செய்யும் விதத்தில் சில ஊர்கள் கொஞ்சம் எல்லை மீறியும் இருக்கின்றன. போலந்தில் அன்று கோவிலில் குருவானவர் மேல் ஓட்ஸ் தானியத்தை வாரி எறியும் பழக்கம் உண்டு, கல்லெறியின் நினைவாம். வருடம் முழுக்கப் பிரசங்கம் கேட்டவர்களுக்கு ஒரு நாள் வாய்ப்பு. கல்லிலிருந்து ஓட்ஸுக்கு இறங்கி வந்ததைத்தான் நாகரிகம் என்கிறோம். வேல்ஸில் அன்று கடைசியாக எழுந்திருப்பவரை முள்ளிலை கொண்ட ஹாலி செடிக் கிளையால் விளாசுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டோடு அது நின்றுவிட்டதாம். பின்லாந்திலும் சுவீடனிலும் ஸ்தேவான் எப்படியோ குதிரைகளுக்குக் காவலராகிவிட்டார். குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் ஊர் சுற்றுவார்கள். பந்திக்காரர் லாயத்துக்கு எப்படிப் போனார் என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், ஒன்றும் எனக்கு ஒப்பவில்லை.

அயர்லாந்து விஷயத்தை அப்படிக் கடந்துபோக முடியாது. அங்கே அந்த நாளுக்கு ரென் குருவி நாள் என்றும் பெயர். ரென் என்பது பத்துக் கிராம் எடை தேறுமோ என்னவோ என்கிற அளவில் ஒரு குருவி. இதைப் பிடித்துக் கொன்று, கம்பு உச்சியில் கட்டி, வைக்கோல் உடையும் முகமூடியுமாக இளவட்டங்கள் வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடிக் காசு வாங்குவார்கள். அது செய்த குற்றம்? ஸ்தேவான் புதரில் ஒளிந்திருந்தபோது கீச்சுக்கீச்சென்று கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டதாம். இன்னொரு தரப்பு இது அரசியல் வழக்கு என்கிறது. அயர்லாந்து வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்த எதிரிகளை நோக்கி ஓசையில்லாமல் ஊர்ந்து போனார்கள். இந்தக் குருவி எதிரியின் முரசின் மேல் உட்கார்ந்து ரொட்டித் துணுக்கைக் கொத்த, சத்தம் கேட்டு எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். பத்துக் கிராம் ஜீவனின் காலைப் பசியால் ஒரு போர் தோற்றுப்போயிற்று. எந்தத் தோல்விக்கும் இப்படி ஒரு குருவி கிடைத்துவிட்டால் தளபதிகளுக்கு எத்தனை சௌகரியம்! இத்தனைக்கும் அதே ஐரோப்பியக் கதைகளில் ரென்தான் பறவைகளின் அரசன். யார் அதிக உயரம் பறக்கிறார்களோ அவருக்கு முடி என்று போட்டி வைத்தபோது, கழுகின் இறக்கைக்குள் ஒளிந்து போய், கழுகு களைத்த இடத்திலிருந்து மேலே ஒரு முழம் பறந்து ஜெயித்துவிட்டது. இவ்வளவு சாமர்த்தியமுள்ளவரை யார்தான் ராஜாவாக நீடிக்க விடுவார்கள். இப்போது டிங்கிள் போன்ற ஊர்களில் வைக்கோல் உடையும் ஊர்வலமும் அப்படியே இருக்கின்றன. குருவிக்கு மட்டும் விடுதலை. பொம்மைக் குருவியை வைத்தே காரியம் நடக்கிறது.

ஆங்கிலேயனின் லெட்டரில் புனிதரும் இல்லை, பறவையும் இல்லை. வெறும் பெட்டி. எடுபிடிப் பையன்கள், கடைச் சிப்பந்திகள், தபால்காரர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி வாங்கும் இனாமுக்குக் கிறிஸ்துமஸ் பாக்ஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் அது வாயில் கீறல் விட்ட மண் உண்டியல், நிறைந்ததும் உடைப்பார்கள். லண்டன் டைரிக்காரர் சாமுவேல் பெபீஸ் 1663இல் செருப்புக் கடைப் பையன்களின் பெட்டியில் கிறிஸ்துமஸுக்காக ஏதோ போட்டதாக எழுதியிருக்கிறார். எவ்வளவு என்று எழுதவில்லை. மற்ற செலவுகளையெல்லாம் பென்னி விடாமல் எழுதுகிற மனிதர் இங்கே மட்டும் மௌனமாகிறார் என்றால் தொகையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். கலிவர் கதை எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் இன்னும் வெளிப்படை. 1710 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த இனாம் கொடுத்தே நான் ஓட்டாண்டியாகப் போகிறேன் என்கிற தொனியில் புலம்புகிறார். காபிக் கடைப் பையன்கள் ரேட்டை ஏற்றிவிட்டார்களாம். மற்றவர்கள் கொடுக்கிறார்களே என்ற வெட்கத்தில் இவரும் கொடுத்தாராம். போதாததற்குப் பெரிய மனிதர்கள் வீட்டு வாசல்காரர்களுக்கு வேறு அழ வேண்டியிருந்ததாம். தீபாவளி வாரத்தில் அழைப்பு மணி அடித்ததும் குளியலறைக்குள் புகுந்துகொள்ளும் நம் குடும்பத் தலைவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்தால் ஸ்விஃப்டைப் பங்காளியாகவே ஏற்றுக்கொள்வார்கள்.

பெட்டி நாள் சட்டப்படி விடுமுறையானது 1871இல். அந்த வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்த ஜான் லபக் ஒரு வங்கி முதலாளி, நாடாளுமன்ற உறுப்பினர், டார்வினின் பக்கத்து ஊர்க்காரர். இதற்கெல்லாம் மேலாக எறும்பு ஆராய்ச்சியாளர். சுறுசுறுப்புக்கு உலகமே உதாரணம் காட்டும் பூச்சியை ஆயுள் முழுக்க உற்றுப் பார்த்தவர்தான் இங்கிலாந்துக்கு லீவு வாங்கிக் கொடுத்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தம். லபக் எறும்புகளுக்குச் சாராயம் கொடுத்தும் பார்த்திருக்கிறார். போதையில் கிடக்கும் எறும்பைத் தெளிவாக இருக்கும் எறும்புகள் என்ன செய்கின்றன என்று பார்ப்பது நோக்கம். தங்கள் புற்றைச் சேர்ந்தவனாக இருந்தால் பெரும்பாலும் தூக்கிக்கொண்டு வீடு சேர்த்தன; வேற்றுப் புற்றுக்காரனைத் தூக்கிச் சுற்றியிருந்த தண்ணீரில் தள்ளின. டிசம்பர் 25 இரவு லண்டன் தெருக்களைப் பார்த்தவருக்கு இந்த ஆராய்ச்சிக்கு எறும்பு எதற்கு என்று தோன்றாமல் போனது ஆச்சரியம். தன் நாய்க்கு அட்டைகளில் எழுதிய சொற்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் இதே மனிதர்தான். டீ வேண்டும் என்றால் அது டீ அட்டையைக் கவ்விக்கொண்டு வரும். நன்றியுள்ள மக்கள் ஆகஸ்ட் மாத விடுமுறையைப் புனித லபக் தினம் என்றே அழைத்தார்கள். லீவு வாங்கித் தந்தவனைப் புனிதனாக்க வாத்திகன் அனுமதி தேவையில்லை.

சட்டத்தில் பாக்ஸிங் டே என்ற பெயர் கிடையாது. ‘டிசம்பர் இருபத்தாறாம் நாள், அது வாரநாளாயின்’ என்றுதான் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்குத் தனிப் பட்டியல். அதில் 26 இல்லை. நூறு வருடத்துக்கு மேல் காத்திருந்து 1974இல்தான் அவர்களுக்கு அது கிடைத்தது. ஆங்கிலேயர் ஆண்ட ஹாங்காங்கில் இன்னும் அந்த குமாஸ்தா நடைதான். அரசு விடுமுறைப் பட்டியலில் அந்த நாளின் முழுப் பெயர், ‘கிறிஸ்துமஸ் நாளுக்குப் பின் வரும் முதல் வாரநாள்’. மூச்சு வாங்கினாலும் லீவு லீவுதான்.

பாக்ஸிங் என்றதும் நம்மூரில் முகத்தில் குத்து விழும் காட்சிதான் வரும். ஒரு முறை அது சரியாகவே இருந்தது. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் ஜாக் ஜான்சன், டாமி பர்ன்ஸைப் பதினான்காம் சுற்று வரை வெளுத்துக்கொண்டிருக்க, போலீஸ் மேடையேறி நிறுத்த வேண்டியதாயிற்று. கறுப்பர் ஒருவர் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்றது அன்றுதான் முதல் முறை. இப்போது அந்த நாளில் ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட். மெல்போர்னில் டெஸ்ட் தொடங்கும்போது நமக்கு விடியற்காலை ஐந்து மணி. மார்கழிப் பனியில் எங்கள் தெருவில் அந்நேரம் எழுந்திருப்பவர்கள் இரண்டே வகை: திருப்பாவைக்காரர்கள், டெஸ்ட் மேட்ச்காரர்கள். 2018இலும் 2020இலும் அங்கே இந்தியா ஜெயித்தது. முன்னவர்களின் பலனையும் பின்னவர்கள் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

2004இல் அதே தேதியில் வந்த பேரலையை ஆங்கிலப் பத்திரிகைகள் பாக்ஸிங் டே சுனாமி என்று எழுதின. நாகப்பட்டினத்திலும் குளச்சலிலும் முல்லைத்தீவிலும் அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்திருந்தவர்கள் பலர் ஊர் திரும்பவில்லை. அங்கே போய்ப் பெட்டி நாள் என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கும் புரியாது. இந்தக் கட்டுரையின் சிரிப்பு அந்தக் கரைக்குப் போகாது.

கற்பனை வறட்சியில் முதலிடம் ஜெர்மானியருக்கும் டச்சுக்காரருக்கும். இரண்டாம் கிறிஸ்துமஸ் நாள். ஒன்றுக்கு அடுத்து இரண்டு, அவ்வளவுதான். ஆனால் இந்த எண் முறையில் ஒரு தந்திரம் இருக்கிறது: இரண்டோடு நிறுத்த வேண்டும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? சுவீடனில் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று போய்க்கொண்டே இருந்தார்கள். 1772இல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் பொறுமையிழந்து, இதையும் சேர்த்து ஒரு கட்டு விடுமுறைகளை ஒரேயடியாக வெட்டினார். அந்த நிகழ்ச்சிக்கு சுவீடன் வரலாற்றில் ‘விடுமுறைகளின் பெருஞ்சாவு’ என்றே பெயர். போர்களுக்கு இவ்வளவு துக்கமான பெயர் வைத்ததில்லை.

ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் அன்று வேலை நாள், கட்டலோனியாவில் விடுமுறை. நேற்றைய இறைச்சியில் மிச்சமானதை அரைத்து, மாவுக் குழலுக்குள் அடைத்து, வெள்ளை சாஸ் ஊற்றி அடுப்பில் வாட்டி எடுப்பார்கள். கனலோன்ஸ் என்று அதற்கு இத்தாலிய மிடுக்கில் ஒரு பெயர். நம் கல்யாண வீட்டுச் சுண்டக்கறி கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும். லீவ் லெட்டரில் உண்மைக்கு மிக அருகில் வந்தவர்கள் இவர்கள்தான் என்பதால் என் மதிப்பெண் கட்டலோனியர்களுக்கே.

அமெரிக்கர்களுக்கு அந்த நாளுக்குப் பெயர் இல்லை, ஆகவே தேசிய லீவும் இல்லை. ஆகஸ்ட்டில் அனுப்பிய மெயிலுக்கும் அவர்களிடமிருந்து டிசம்பர் 26 அன்றுதான் எனக்குப் பதில் வரும், கூடவே இரண்டு நினைவூட்டல். பிடிக்காத பரிசைக் கடையில் திருப்பிக் கொடுக்கக்கூட மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓட வேண்டும். 2014இல் அந்தத் தேதி வெள்ளிக்கிழமையில் விழுந்தபோது, மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரே ஒரு நாள் விடுப்புக் கொடுக்க அதிபர் ஒபாமா தனியாக ஓர் ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒரு குருவியை வைத்து அயர்லாந்துக்காரன் முடித்த காரியம்.

கையில் இருந்ததைத் தொலைத்த ஊரும் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் பாக்ஸிங் டே பொது விடுமுறையாகத்தான் இருந்தது. 1968இல் நாடு போட்டியில் நிற்க வேண்டுமென்று பதினாறு விடுமுறைகளைப் பதினொன்றாகக் குறைத்தார்கள். கிறிஸ்தவர்கள் பக்கத்தில் ஈஸ்டர் திங்களும் பாக்ஸிங் டேயும் போயின. இந்துக்களிடம் தீபாவளியா தைப்பூசமா என்று வந்தபோது தீபாவளி நின்றது, தைப்பூசம் போயிற்று. இன்றும் அங்கே காவடி எடுப்பவர்கள் சொந்த லீவைப் போட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்கள். தைப்பூச விடுமுறையைத் திரும்பத் தாருங்கள் என்ற கோரிக்கை நாடாளுமன்றம் வரை போய் வந்தாயிற்று. பாக்ஸிங் டேக்காக அந்த அளவுக்கு யாரும் கிளம்பவில்லை. கோரிக்கை மனு எழுதும் நேரத்தில் ஆபீஸ் மேஜையிலேயே தலையைச் சாய்த்துக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்திருப்பார்கள்.