டொக்

பழைய பஜேரோ வாங்குகிறவன் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. வண்டி நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மூஞ்சியைத் தூக்கக் கூடாது. நான் வாங்கிய கையோடு முதலில் செய்தது அதைத்தான்.

என்னுடையது இரண்டாம் தலைமுறை வண்டி, ஜப்பானில் 1991இல் வந்த அந்தச் சதுர முகம். அதற்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. தோர்சன் பார் என்ற நீள இரும்புத் தண்டு, பக்கத்துக்கு ஒன்றாக, சேசியை ஒட்டிப் பின்னோக்கிப் படுத்திருக்கும். முன்முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில், பின்முனை சேசியில். சக்கரம் மேலே ஏறினால் தண்டு முறுக்கிக்கொள்ளும், இறங்கினால் முறுக்கு விடும். பின்முனையில் ஒரு போல்ட் இருக்கிறது. ஜாக்கி வைத்து அதை முடுக்கினால் வண்டியின் முன்பக்கம் உயரும். சாமான் வாங்க வேண்டாம், போர்மனுக்குக் கூலி வேண்டாம். சும்மா கிடைக்கிறது என்றால் எவ்வளவு முடுக்குவோம்? முடியும் மட்டும் முடுக்கினேன்.

எதற்காக என்று மனைவி கேட்டபோது, மேட்டுப் பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்க என்றேன். உண்மை வேறு. நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில். காலையில் பிரட்டுக் களத்தில் துரையின் லேண்ட் ரோவர் வந்து நிற்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு பூனை தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். அந்த இடைவெளிமேல் அப்போதிருந்தே எனக்கு ஆசை. துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கிய தோட்டங்களில் எங்களுடையது இல்லை. அது கைமாறிக் கைமாறி, கித்தா போய்ச் செம்பனை வந்து, லயமும் போய்விட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் எல்லாரும் வருவார்கள். அவர்கள் முன்னால் நான் உயரத்திலிருந்து குதித்து இறங்க வேண்டும். இதற்குத்தான் அந்த முடுக்கு.

அப்படிப் போன முதல் திருவிழாவில், செம்பனை லாரிகள் உழுது போட்ட மண் சடக்கில் டயர் ஒரு குழிக்குள் இறங்கியதும் கீழே ‘டொக்’ என்றது.

“என்னங்க, ஏதோ கழண்டுடுச்சு.”

“கல்லு அடிச்சிருக்கும்.”

அடுத்த குழியிலும் கல். அதற்கடுத்ததிலும் கல். ஈப்போவுக்குத் திரும்பி, எங்கள் தாமானின் வேகத்தடையில் ஏறி இறங்கியபோதும் அதே கல். மனைவி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் பரவாயில்லை.

காரின் அடியில் வரும் சத்தத்தைப் பற்றி ஆளுக்கொரு சாத்திரம் உண்டு. எனக்கு எல்லாமே மனப்பாடம். சின்னச் சின்ன மேட்டில் கடகடவென்றால் ஸ்டெபிலைசர் லிங்க். பிரேக் போடும்போது ஒரே ஒரு அடி என்றால் லோவர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை ஒடித்துத் திரும்பும்போது டக்டக்கென்றால் சிவி ஜாயிண்ட். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஆட்டினால் கேட்பது டை ராட் எண்ட். இவற்றில் எதிலும் என் வண்டியின் சத்தம் சேரவில்லை. மேட்டில் ஏறும்போது சத்தம் இல்லை, குழியில் இறங்கும்போதுதான் இருந்தது. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் பிடித்தது பணப்பையை.

முதலில் லிங்க். மலிவு, அதனால் மாற்றும்போது மனசும் நோகாது. சத்தம் போகவில்லை. அடுத்தது அப்சாபர். போர்மன் பழையதைக் கழற்றி நிமிர்த்திப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். எண்ணெய் கசியவில்லை, தண்டு ஒரே சீராகப் போய் வந்தது. “அனே, இது இன்னும் நல்லாத்தான் இருக்கு” என்று என் முகத்தைப் பார்த்தார். சீனர், தமிழ் நன்றாகவே பேசுவார். சாமான் விற்று வயிறு வளர்க்கிற மனிதர், வேண்டாம் என்று சொல்கிறார். நான் விஷயம் தெரிந்தவன் தோரணையில், “பரவால்ல, மாத்துங்க” என்றேன். இரண்டு புது அப்சாபர். வெளியே வந்து முதல் குழி. டொக்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல உண்மையிலேயே வெட்கமாக இருக்கிறது. லோவர் ஆர்ம் புஷ்ஷில் கிறீச்சென்று வேறொரு சத்தம் வந்தது. புஷ் என்பது ரப்பர், பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். அப்பா வெட்டிய பாலிலிருந்து வந்த அதே சரக்கு. சின்ன வயதில் ஒட்டுப்பால் பொறுக்கிய கை என்னுடையது. அந்தக் கையால் அந்த ரப்பருக்கு எஞ்சின் ஆயில் ஊற்றினேன். கித்தாவுக்கு மண்ணெண்ணெயும் ஆயிலும் ஆகாது, உறிஞ்சி உப்பி நைந்துவிடும். பிரேசில் நாட்டு மரத்தின் கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்து, அவற்றில் சில கோலாகங்சாரில் பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோவின் காலத்தில் நடப்பட்டன. அதில் ஒரு மரம் அங்கே மாவட்ட அலுவலகத்துப் பக்கம் இன்றைக்கும் நிற்கிறது. எங்கள் தோட்டத்திலிருந்து அரைமணி நேரத்துக்கும் குறைவு. ரப்பரைப் பாழாக்குவதற்கு நான் தேர்ந்தெடுத்த வட்டாரம் அது.

கிறீச் சத்தம் சில நாள் அடங்கியிருந்தது. பிறகு புஷ் கொழகொழவென்று ஆகிவிட்டது. கூலியை மிச்சம் பிடிக்க, புது புஷ் அடித்த ஆர்மை வீட்டிலேயே மாட்டினேன். ஜாக்கியில் வண்டி நிற்க, சக்கரம் அந்தரத்தில் தொங்க, போல்ட்டை மூச்சுப் பிடித்து இறுக்கினேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கிய நொடியில் உள்குழாய் அசையாமல் நின்றுவிடும், அதற்குமேல் ஆர்ம் ஆடுவதெல்லாம் ரப்பரின் முறுக்கில்தான். அதனால் வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு கொடுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஓடாமல் நிற்கும்போதும் அதற்கு ஓய்வு இல்லை. என் புது புஷ் கிழிந்தது அப்படித்தான். சாமான் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். இதை இங்கே சொல்லிவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் டொக் அப்படியே இருந்தது. சத்தம் இடமா வலமா என்று எனக்கும் மனைவிக்கும் வழக்கு. இரும்பு வழியாக ஓடுகிற சத்தம் உள்ளே உட்கார்ந்திருப்பவனை ஏய்க்கும் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவளை ஓட்டச் சொல்லி, நான் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி காதைக் கொடுத்துக்கொண்டு ஓடினேன். வேகத்தடையில் ஏறும்போது அவள் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் மிதித்துவிட்டாள். வேண்டுமென்றே இல்லை என்கிறாள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மூலை வீட்டுப் பெரியவர், “தம்பி, வண்டி பிரேக் பிடிக்கலையா?” என்று குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதில் சத்தம் எந்தப் பக்கம் என்பது மறந்துபோனது.

அடுத்த திருவிழா வந்தது. கோயில் பின்னால் சமையல் கொட்டகை ஓரம், தோட்டத்தில் ஒரு காலத்தில் லாரியும் டிராக்டரும் பழுது பார்த்த ஒரு மாமா உட்கார்ந்திருந்தார். இப்போது கண்ணும் காதும் மந்தம். வண்டியில் சத்தம் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஓட்டிக் காட்டவா என்றேன். “எனக்கு எங்க கேக்கப் போவுது?” என்றார். வேட்டியை மடித்துக் கட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில், என் பூனை படுக்கும் அந்த இடத்தில், கையை உள்ளே விட்டார். மேல் ஆர்ம் அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்க அங்கே ஒரு ரப்பர் கட்டை இருக்கும். விரலைக் கொடுத்துத் தடவினார். விரல் நுழையவில்லை.

“நிக்கிறப்பவே தொங்குது. குழியில எறங்க இதுக்கு எடம் எங்க இருக்கு?”

வலது பக்கத்தில் அந்தக் கட்டை உதிர்ந்து இரும்பு தெரிந்தது. இரும்பும் இரும்பும் முட்டும் சத்தம்தான் டொக். சக்கரம் மேலே ஏற இடம் வேண்டும் என்பதுபோலவே கீழே இறங்கவும் இடம் வேண்டும். தோர்சன் பாரை முடுக்கினால் ஸ்பிரிங் கெட்டிப்படும் என்று நான் நம்பியிருந்தேன். தண்டின் கெட்டித்தனம் அதன் தடிமனிலும் நீளத்திலும் இருக்கிறது, போல்ட்டில் இல்லை. போல்ட் செய்வதெல்லாம் இறங்கும் இடத்தைத் தின்று உயரமாகக் காட்டுவதுதான். பஜேரோ 1985இல் தொடங்கி 2007 வரை டக்கார் ராலியை 12 முறை ஜெயித்தது. அந்த வண்டிகளைத் தயார் செய்தவர்கள் மட்கார்டு இடைவெளியை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்க மாட்டார்கள்.

“யாரு இதத் தூக்குனது?”

நான் அம்மன் சந்நிதிப் பக்கம் பார்த்தேன். மனைவி சொன்னாள்: “இவருதான் மாமா. அவரே அவர் கையால.”

மாமா சொல்லச் சொல்ல, அவர் பேரன் ஜாக்கி வைத்துப் போல்ட்டைத் தளர்த்தினான். அன்னதானப் பந்தி முடிவதற்குள் வேலை முடிந்தது. பணம் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த தடவை புந்தோங்கிலிருந்து கச்சாங் பூத்தே வாங்கி வா, காரம் குறைவாக, என்றார். திரும்பும் வழியெல்லாம் நான் வேண்டுமென்றே குழி குழியாகப் பார்த்து இறக்கினேன். மூச்சு இல்லை. பூனை படுக்க இடமும் இல்லை. எங்கள் தெருவில் நிற்கிற மற்ற பஜேரோக்களின் உயரத்துக்கே வந்துவிட்டது. மனைவிக்கு ஏறி இறங்கச் சௌகரியமாக இருக்கிறதாம்.

சில மாதம் கழித்து டயர் கடைக்குப் போனேன், காற்றடிக்க. தவுக்கே சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுத் தடவி, சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்விளிம்பு மழமழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி வெளியே வந்திருந்தது. வெளிப்பக்கம் புதுசு.

“அனே, அலைன்மெண்ட் எப்ப செஞ்சது?”

“வண்டியத் தூக்கின அன்னிக்கி.”

“எறக்கினப்புறம்?”

இரண்டு டயர் என்ன விலை என்று கேட்டேன்.