எழுபத்து நாலு புள்ளி ஆறு

தமிழ்நாட்டில் ஒருவருக்கு உடம்பு இளைத்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், துக்கம் விசாரிப்பார்கள். "என்ன சார், சுகரா?" என்பது முதல் கேள்வி. "வீட்ல ஏதும் பிரச்சினையா?" என்பது அடுத்தது. நான் காலை நடை தொடங்கிய புதிதில், கன்னம் லேசாக ஒட்டியதும், எதிர் ஃபிளாட் மாமி என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல டாக்டரா பார்த்துக் காட்டிடும்மா, செலவைப் பார்க்காதே" என்று சொல்லியிருக்கிறார். என் உழைப்புக்கு அதைவிடப் பெரிய விருது இதுவரை கிடைக்கவில்லை.

அப்புறம் விசாரிப்புகள் நின்றுபோயின. எடை இறங்குவது நின்றுவிட்டதுதான் காரணம். 81 கிலோவில் தொடங்கி மளமளவென்று குறைந்துவந்த எடை, 74.6 என்ற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. நானும் விடாமல் நடக்கிறேன், அதுவும் விடாமல் உட்கார்ந்திருக்கிறது.

முதல் சந்தேகம் மெஷின் மேல்தான் வந்தது. படுக்கையறைத் தரை சரியில்லை என்று ஹாலுக்கு மாற்றினேன். ஹாலில் வாட்டம் இருக்கிறது என்று சமையலறைக்குக் கொண்டுபோனேன். பேட்டரி மாற்றினேன். குளிப்பதற்கு முன், குளித்த பின், காபிக்கு முன், முக்கியமான இன்னொரு காலைக் கடமைக்குப் பின் என்று எல்லா முகூர்த்தத்திலும் ஏறிப் பார்த்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். மூக்குக்கண்ணாடியும் எடைதானே என்று அதையும் கழற்றினேன். இப்போது எண் தெரியவில்லை. மனைவியை அழைத்தேன். அவள் கையில் கரண்டியோடு வந்து, குனிந்து பார்த்து, ரேஷன் கடையில் சர்க்கரை நிறுப்பவர் குரலில், "எழுபத்து நாலு புள்ளி ஆறு" என்று சொல்லிவிட்டு, "கழற்ற இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கால ரயில் நிலைய எடை மெஷினில் ஒரு மரியாதை இருந்தது. சக்கரம் சுழலும், பல்புகள் மினுக்கும், காசு போட்டால் ஒரு அட்டை வந்து விழும். எடை எவ்வளவு ஏடாகூடமாக இருந்தாலும், "தங்களுக்கு நற்காலம் பிறக்கப்போகிறது" என்கிற மாதிரி ஒரு ஜோசியமும் கூடவே வரும். இன்றைய கண்ணாடி மெஷினுக்கு அந்த நாகரிகம் போதாது.

டாக்டரிடம் முறையிட்டேன். அவர் சிரித்தார். "ஆரம்பத்தில் சரசரன்னு குறைஞ்சுதே, அதில் பாதி தண்ணி சார்" என்றார். உடம்பு மாவுச்சத்தை கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சாப்பாட்டைக் குறைத்து நடக்க ஆரம்பித்ததும் முதலில் காலியாவது இந்தக் கையிருப்பு. தண்ணீர் போவதைக் கொழுப்பு போவதாக நினைத்து நான் அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தேன், நானும் ரெண்டு எடுத்துக்கொண்டேன். அதோடு, இளைத்த உடம்பைச் சுமந்து நடக்க முன்னளவு சக்தி தேவைப்படுவதில்லை. அதாவது, ஒழுங்காக உழைத்ததற்குப் பரிசாகச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள்.

இன்னொரு கணக்கையும் அவர் சொல்லாமலே நான் கண்டுபிடித்தேன். என் எடைக்கு முக்கால் மணி நேரம் நடந்தால் 200 கலோரிக்குள்தான் கரையும். இரண்டு மெதுவடையில் தீர்ந்துபோகும் சமாசாரம். அந்த 200 கலோரியை வைத்துக்கொண்டு நான் நாள் முழுக்க வாங்கிய சலுகைகள்தான் பெரிது. "நடந்துட்டு வந்திருக்கேன்" என்ற ஒரே வசனத்தில் தண்ணீர் சொம்பு என்னைத் தேடி வந்தது. கீழே விழுந்த ரிமோட்டைப் பையன் எடுத்துத் தந்தான். மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போனேன். காலையில் சம்பாதித்ததை மாலைக்குள் சோபாவில் செலவழித்து முடித்தேன்.

இதில் நான் மட்டும் தனி ஆள் இல்லை போலிருக்கிறது. டான்சானியாவின் வடக்கே ஹட்ஸா என்று ஒரு வேட்டைச் சமூகம். அங்கே ஆண்கள் நாளுக்குச் சராசரியாகப் பதினோரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளர் குழுவோடு போய் அளந்து 2012-இல் முடிவை வெளியிட்டார். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்கள் நாளொன்றுக்குச் செலவழிக்கும் மொத்த சக்தியும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேலைநாட்டார் செலவழிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதானாம். ஓடியாடினால் உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடித்துச் சரிக்கட்டிவிடுகிறது. நடுத்தர வர்க்கத்து உடம்பு.

நான் நடப்பது மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில். அமிர்தாஞ்சனைத் தொடங்கியவரின் பெயரிலேயே நடைப் பூங்கா அமைந்தது எங்கள் முழங்கால்களின் யோகம். அங்கே வருகிறவர்களில் ஆலோசகர் அல்லாதவர் என்று யாரையும் நான் கண்டதில்லை. எடை நின்ற செய்தி எப்படியோ பரவிவிட்டது. ஒருவர் பின்பக்கமாக நடக்கச் சொன்னார். ஒருவர் மொட்டை மாடியில் எட்டு வரைந்து அதன் மேல் நடக்கச் சொன்னார். ராத்திரி சோற்றை விடுங்கள் என்றார் ஒருவர். அவருக்கு என்னைவிட இரண்டு சுற்று பெரிய தொந்தி, சோற்றை விட்டு ஏழு வருஷமாகிறதாம். வாசலில் அருகம்புல் சாறு விற்பவர் மட்டும் எந்த ஆலோசனையும் சொல்லாமல் டம்ளரை நீட்டினார். தொழில் தெரிந்தவர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் தினம் போகிறீர்கள் என்று கேட்டால், மன உறுதி என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் நாலு பேர், "நேத்து காணோமே?" என்கிறார்கள். அதற்குக் காரணம் தயாரிப்பது ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பதைவிடக் கஷ்டம். ஒருமுறை "கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று சொல்லப்போய், மூன்று பேர் பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் அப்போது பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் கேன் விஷயம் ஒன்றும் உண்டு. 20 லிட்டர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்க முன்பெல்லாம் வாட்ச்மேனைக் கூப்பிடுவோம். போன மாதம் அவர் ஊருக்குப் போயிருந்தார். கேனைத் தொடைமேல் ஏற்றி, மூடியைக் கிழித்து, மூச்சைப் பிடித்து ஒரே திருப்பு. தரையில் அரை டம்ளர்கூடச் சிந்தவில்லை. மெஷினில் ஏறிப் பார்த்தேன். அதே 74.6. இந்தக் கருவிக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்து, அதைப் பரணில் ஏற்றினேன். அதையும் நானேதான் ஏற்றினேன்.

எனக்குத் துணையாக லண்டன் பஸ் கண்டக்டர்கள் வேறு கிடைத்தார்கள். அங்கே ஜெரி மாரிஸ் என்று ஒரு டாக்டர். மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவரையும், டிக்கெட் கொடுக்கப் படியேறி இறங்கும் கண்டக்டரையும் ஒப்பிட்டு 1953-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. டிரைவர்களுக்குத் தொந்தி இருக்கும், அதனால்தான் என்று யாராவது சொல்வார்கள் இல்லையா? மனிதர் அதையும் விடவில்லை. பஸ் கம்பெனி தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவைத் தேடி எடுத்து, 1956-இல் இன்னொரு கட்டுரை. டிரைவர்களுக்கு இடுப்பு பெரிதுதான். ஆனால் ஒல்லியோ குண்டோ, எந்த அளவு கால்சட்டை போட்டாலும் கண்டக்டருக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. தொந்தியோடு படியேறிய கண்டக்டரையும் படிகள் காப்பாற்றியிருக்கின்றன! மாரிஸும் கடைசிவரை உடற்பயிற்சியை விடாமல் 99 வயது வாழ்ந்துவிட்டுப் போனார்.

இதை ராத்திரி சாப்பாட்டின்போது மனைவியிடம் உணர்ச்சி பொங்க விவரித்தேன். எடை ஒரு பொருட்டே அல்ல என்றும், லண்டன் கண்டக்டர்களும் நானும் ஒரே கட்சி என்றும் சொல்லி, அந்த மகிழ்ச்சியில் இன்னொரு தோசை கேட்டேன்.

அவள் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அந்தக் கண்டக்டருங்க படியேறினாங்க, இல்ல?"

"ஆமாம், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படி!"

"சரி, இது வேகறதுக்குள்ள மொட்டை மாடிக்குப் போய் டேங்க் நிறைஞ்சுதான்னு பார்த்துட்டு வந்துடுங்க. லிஃப்ட் வேண்டாம்."