கரண்ட் போனதும் எதிர்வீட்டை எட்டிப் பார்த்தல்: தருக்க நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

இரவு. கரண்ட் போகிறது. வீட்டில் ஒருவர் வாசலுக்கு ஓடி எதிர்வீட்டைப் பார்க்கிறார். அங்கும் இருட்டு என்றால், "எல்லார் வீட்லயும் இல்ல!" என்ற அறிவிப்பு மகிழ்ச்சியோடு வெளியாகிறது. அந்த மகிழ்ச்சியை உளவியலாருக்கு விட்டுவிட்டு, இக்கட்டுரை எட்டிப் பார்ப்பதன் தருக்கத்தை மட்டும் ஆராய்கிறது.

முன்னோர் கருத்து

பழைய தருக்கத்தில் நிறுவியது நிறுவியதுதான். எத்தனை தகவல் சேர்ந்தாலும் ஒரு முடிவும் குறையாது. செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களுக்கு இது கட்டுப்படியாகவில்லை. 1980இல் அவர்களில் ஒருவரான ரேமண்ட் ரைட்டர் வேறு வழி வகுத்தார்: மறுக்கும் தகவல் இல்லாதவரை வழக்கமானதையே முடிவாகக் கொள், வந்தால் கைவிடு. இத்துறையின் ஆஸ்தான உதாரணம் பறவை. பறவை என்றால் பறக்கும். பெங்குவின் என்று தெரிந்தால் பறக்காது. நம் தெருவில் பெங்குவின் இல்லாததால் எதிர்வீட்டை எடுத்துக்கொண்டோம்.

நிரூபணம்

எதிர்வீட்டில் விளக்கு எரிகிறது. ஆகவே நம் வீட்டு பியூஸ்தான். ஸ்டூல் வருகிறது. "அவங்க இன்வெர்ட்டர் வாங்கிட்டாங்களே" என்று அடுக்களையிலிருந்து குரல். ஸ்டூல் திரும்புகிறது. தெருவிளக்கும் எரிகிறதே! ஸ்டூல் மறுபடி வருகிறது. "அது வேற ஃபேஸா இருக்கும்" என்கிறார் தாத்தா. தகவல் கூடக்கூட முடிவு கூடவில்லை, ஸ்டூல்தான் அலைந்தது.

இருண்ட எதிர்வீடும் நம்பத்தக்கதன்று. தெரியாததைப் பொய்யென்றே கொள்ளும் மூடிய உலக அனுமானத்தையும் 1978இல் ரைட்டரே எழுதிவைத்தார். விளக்கு தெரியவில்லை, எனவே கரண்ட் இல்லை. அவர்கள் திருப்பதிக்குப் போயிருக்கலாம்.

இரு பள்ளிகள்

சான்றுகள் மோதும்போது ஒன்றோடொன்று ஒவ்வாத முடிவுத் தொகுதிகள் பல கிடைக்கும். துணிந்தவர் ஒன்றைப் பிடித்துக்கொள்வார், பாட்டி இப்பள்ளியினர். ஐயவாதி எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவானதை மட்டுமே ஏற்பார். "நம்ம வீட்ல கரண்ட் இல்ல" என்று நாற்காலியிலிருந்து எழாமல் சொல்லும் அப்பா அப்பள்ளியின் தலைவர்.

முடிவுரை

மின்வாரியத்துக்கு யார் போன் செய்வது? "இந்நேரம் யாராச்சும் சொல்லியிருப்பாங்க" என்பது வழக்கமான முடிவு. மறுக்கும் தகவல் எதுவும் வராததால் ஒவ்வொரு வீடும் அதையே எடுக்கிறது. எங்கும் முரண்பாடு இல்லை. ரைட்டரின் விதிக்குக் குந்தகமும் இல்லை. தெரு முழுவதும் குறையற்ற தருக்கத்தோடு, விடிய விடிய விசிறிக்கொண்டிருக்கிறது.