பெருமாநல்லூர் வட்டாரத்தில் சேற்று டயர்த் தேர்வு: திணைமயக்கம் பற்றிய ஓர் ஆய்வு

சேற்று டயர் எனப்படுவது, தரையைத் தொடும் பரப்பில் பெரிய ரப்பர்க் கட்டைகளும் அவற்றுக்கிடையே விரல் நுழையுமளவு அகன்ற பள்ளங்களும் கொண்டு, சேற்றைக் கவ்விக் கரையேறவும், பள்ளங்களில் அப்பிய சேற்றைச் சுழலும் வேகத்தில் வீசியெறியவும் வல்ல டயராகும். கடைக்காரர் வழக்கில் இது எம்டி எனவும், இதற்கும் சாதாரண டயருக்கும் இடைநிலையில் நிற்பது ஏடி எனவும் பெயர் பெறும். ஊர் வழக்கில் இரண்டுமே பட்டன் டயர்தான். சேறு மிகுந்த நாட்டில் சேற்று டயர் விற்பது இயல்பு, அதை ஆராய ஏதுமில்லை. சேறு அரிதாகக் கிடைக்கும், திருப்பூர் அருகேயுள்ள பெருமாநல்லூரில் தார், ஜிம்னி முதலிய வண்டிகளை வாங்கிய பனியன் கம்பெனி உரிமையாளர் அடுத்த மாதமே சேற்று டயரைத் தேடிப் புறப்படுவது எதனால் என்பதே ஆய்வுக்குரிய வினாவாகும்.

திணைக் கோட்பாட்டின்படி சேறு மருத நிலத்துக்கு உரியது. நெல்லும் எருமையும் வாய்க்காலும் உள்ள இடத்தில் அது தானே விளையும். பெருமாநல்லூரோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் மேட்டுநிலம். சோளமும் வெள்ளாடும் கிளுவை வேலியுமாக முல்லையின் சாயல் கொண்டு, மழை பொய்த்த ஆண்டுகளில் சிலப்பதிகாரம் சொல்லும் முறைப்படியே பாலையாகத் திரிந்துவிடும் இயல்பினது. எனவே மருதத்துக் கருவி ஒன்று முல்லையில் வந்து மாட்டப்படுவதைத் திணைமயக்கம் என்றே வகைப்படுத்த வேண்டியுள்ளது. திணை மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. நிலம் மயங்குவதை மட்டுமே அது ஒப்பவில்லை. டயரை மாற்றலாம், தரையை மாற்ற இயலாது என்னும் இந்த நுட்பத்தை டயர்க் கடைகளில் எவரும் எடுத்துரைப்பதாகத் தெரியவில்லை.

எனினும் இவ்வட்டாரத்தில் சேறே இல்லை எனச் சாதிப்பது நேர்மையாகாது. முதலாவது, இட்டேரிச் சேறு: இட்டேரி என்பது இருபுறமும் உயிர்வேலி ஓங்கி நிற்க, தோட்டங்களுக்கு நடுவே வண்டியும் ஆடுமாடும் போய்வரும் குறுகிய தடமாகும், ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது நனைந்து குழைந்து, மழை விட்டதும் வெகு விரைவில் காய்ந்து வண்டிச்சோடாக இறுகிவிடும். இரண்டாவது, குளத்துச் சேறு: பவானி ஆற்றின் உபரி நீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியே ஏற்றும் அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 17 ஆகஸ்ட் 2024 அன்று தொடங்கிவைக்கப்பட்டதிலிருந்து, தலைமுறையாகப் புழுதி பறந்த குட்டைகளின் ஓரத்திலும் கால் புதைகிறது. மூன்றாவது, குழாய் பதிக்கவும் சாக்கடை கட்டவும் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடாததால் விளைவது. இதுவே அளவில் பெரிது, ஊருக்குள்ளேயே கிடைப்பது, பருவம் பாராதது. ஆயின் இந்த மூன்றாம் வகைச் சேற்றைப் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள் பின்னால் பனியன் மூட்டையோடு நாள்தோறும் தடையின்றிக் கடந்து செல்கின்றன என்பதால், சேற்று டயரின் தேவைக்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் சற்றுத் தயங்குவது நன்று.

இனி அளவு பற்றிய ஆய்வு. 2020 அக்டோபரில் விற்பனைக்கு வந்த தார் வண்டியின் உயர்வகைகளில் 255/65 ஆர் 18 என்னும் டயர் வருகிறது. 255 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் ரேடியல் அமைப்பைச் சுட்டும். 18 என்பது அங்குலத்தில் வட்டையின் விட்டம். மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று அளவைகளை ஒரே வரியில் கலந்த இக்குறியீடு பிற ஊரார்க்குக் குழப்பம் தரலாம். ஆனால் பனியன் துணிக்கு முப்பது அங்குல டயா, இருபத்துநான்கு கேஜ், நூற்றெண்பது ஜிஎஸ்எம் என்று காலை முதல் இரவு வரை பேசும் ஊருக்கு இது பழகிய பாஷை. வட்டக் கத்தியால் துணியில் ஒரு வில்லையை வெட்டித் தராசில் வைத்து எடை பார்க்கும் அதே முகத்தோடு, கட்டைவிரல் நகத்தால் டயர்க் கட்டையை அழுத்திப் பார்த்தும், பள்ளத்தில் நாணயத்தைச் செருகி ஆழம் கண்டும், ‘ரப்பர் சாஃப்ட்டா இருக்குதுங்க’ என்று தீர்ப்பளிக்கும் திறம் இவ்வூர் வாங்குவோர்க்கே உரியது.

அகலம் பற்றி இரு கட்சிகள் உள. அகன்ற டயர் எடையைப் பரப்பிச் சேற்றின்மேல் மிதந்து செல்லும் என்பார் ஒரு சாரார். ஒடுங்கிய டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழுள்ள கெட்டித் தரையைத் தொட்டுப் பிடிக்கும் என்பார் மறுசாரார். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லீஸ் ஜீப் 6.00-16 என்னும் ஒல்லி டயரில் ஓடியதை இவர்கள் சான்றாகக் காட்டுவர். வழக்கைத் தீர்ப்பது மண்ணே. பெருமாநல்லூர்ச் செம்மண்ணில் ஈரம் இறங்கும் ஆழம் குறைவு. அடியில் சுக்கான் கல் கெட்டியாகத் தாங்குகிறது. ஆகவே இங்கு ஒல்லி டயர்க் கட்சிக்கே வெற்றி. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசலில் நிலைமை வேறு: நனைந்தால் உப்பிப் பசையாகும் அக்களிமண் பள்ளங்களை நிரப்பி அடைத்துக்கொள்ள, எவ்வளவு விலைகொடுத்த பட்டன் டயரும் ஒரு சுற்றில் மொட்டை டயராகிவிடும். இவ்வளவும் தெளிந்தபின் பெருமாநல்லூரில் வாங்கப்படுவது அகன்ற டயர்தான் என்பதை ஆய்வாளர் பதிவு செய்தல் கடமை.

ஏனெனில் பெரும்பாலோர் அகலத்தோடு உயரத்தையும் கூட்டி 265/70 ஆர் 18 என்னும் அளவை நாடுகின்றனர். விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டரிலிருந்து 828 ஆகிறது. அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு கூடுதல். வேகமானி நூறு காட்டும்போது வண்டி நூற்றைந்தில் போய்க்கொண்டிருக்கும். நெடுஞ்சாலை 544-இல் வேகக் கேமரா உரிமையாளரின் கணக்கை அன்றி உண்மை வேகத்தையே பதியும். ஓடிய தூரமும் குறைவாகக் காட்டப்படுவதால் திருப்பூர் ஐந்து விழுக்காடு கிட்ட வந்துவிட்டதாக மகிழ்வோரும் உளர். வண்டித் தயாரிப்பாளர் வகுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கட்டைகள் தார்ச்சாலையில் மோதி எழுப்பும் ஊளை, ஈரச் சாலையில் நீளும் பிரேக் தூரம், குறையும் மைலேஜ் ஆகியவை அறியப்பட்ட குறைகளே. இவற்றுள் ஊளை மட்டும் குறையன்று, வரும்போதே ஆள் வருவது தெரியவேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு.

இட்டேரியின் உண்மைப் பகை சேறன்று, முள். வேலி அடைக்க வெட்டிப் போட்ட வெள்வேல முள், மண் நிறத்திலேயே கிடந்து, கட்டைகளை விட்டுவிட்டு ரப்பர் மெல்லியதாக உள்ள பள்ளத்தின் அடியில் சரியாக ஏறும். பக்கச்சுவர் கனத்த டயரைத் தேர்வதற்கு இதுவே தக்க காரணம். எனினும் இக்காரணத்தைச் சொல்லி டயர் வாங்கியவர் எவரும் இல்லை. அவ்வாறே, காற்றை முப்பதிலிருந்து பதினெட்டு பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து, இருக்கிற ஏடி டயரே இவ்வூர்ச் சேறு அனைத்தையும் கடந்துவிடும், திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பிக்கொள்ள வேண்டியதே பாக்கி என்னும் உண்மையும், செலவில்லாதது என்னும் ஒரே காரணத்தால் மதிப்பிழந்து கிடக்கிறது. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் குண்டத்தில் தணல்மீது வெறுங்காலோடு இறங்கும் ஊர், சேற்றுக்கு மட்டும் இத்தனை கனத்த காலணி கேட்பது சமய ஆய்வாளர்க்குத் தனித் தலைப்பாகலாம்.

முடிவெடுக்கும் முறையோ எளிது. கணக்குகள் யாவும் அலசப்பட்ட பின், உடன் வந்த மச்சான் ‘சேறு கெடக்குதுங்க மாப்ள, பின்னால நின்னு வண்டியப் பாருங்க’ என்பார். அத்துடன் டயர் முடிவாகும். 2023-இல் வந்த, பின்சக்கரங்கள் மட்டுமே உந்தும் தாருக்கும் இதே முறையில் சேற்று டயர் மாட்டப்படுகிறது.

மச்சான் பின்னால் நிற்கச் சொன்னதில் ஒரு தொழில்நுட்பம் அடங்கியுள்ளது. தாரின் ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவது. நான்கை மட்டும் மாற்றினால் பழைய ஐந்தாவது டயர் ஊரார் கண்முன் மானத்தை வாங்கும் என்பதால் ஐந்தும் ஒருங்கே வாங்கப்படுகின்றன. தரையையே தொடாத டயருக்கு இத்தனை செலவா என்று எள்ளுவோர் ஒன்றை மறக்கின்றனர்: நான்கு சக்கரமும் உந்தும் வண்டியில் ஒரு டயர் மட்டும் விட்டத்தில் வேறுபட்டால், நால்வீல் கியர் போட்டு ஓட்டும்போது முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பல்சக்கரப் பெட்டி பழுதாகும். ஐந்தும் ஒரே அளவாக இருந்தே தீர வேண்டும். ஆக, இத்தேர்வு முழுவதிலும் பொறியியல் விதியோடு பிசகாமல் பொருந்துவது, சேற்றை நினைத்து வாங்கிய நான்கு அல்ல, பார்வைக்கென வாங்கிய அந்த ஒன்றே.