ஒரு கடலைக் காணாமல் ஆக்குவது எப்படி?

தேவையானவை: பெரிய ஏரி ஒன்று, அதில் வந்து விழும் ஆறுகள் இரண்டு, எதிர்த்துக் கேட்க ஆளில்லாத அரசு ஒன்று. ஏரிக்குக் கடல் என்று பெயர் இருந்தால் இன்னும் விசேஷம். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் 1960இல் சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். அதையே காலி செய்திருக்கிறார்கள், உங்களால் முடியாதா?

அமு தாரியா, சிர் தாரியா இரண்டையும் பருத்திக்குத் திருப்புங்கள். கால்வாய்க்கு சிமெண்ட் பூசிக் காசைக் கரியாக்க வேண்டாம். சோவியத் பொறியாளர்கள் காராகும் கால்வாயைப் பாலைவனத்தில் அப்படியே வெட்டிவிட்டார்கள். மணல் தன் பங்கை வழியிலேயே குடித்துக்கொண்டது. மொய்னாக் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் தரைதட்டித் துருவேறும். பரவாயில்லை, சுற்றுலாப் பயணிகள் படமெடுக்க வருவார்கள்.

கடல் நடுவே வோஸ்ரோஷ்டெனியா தீவில் கிருமி ஆயுதங்களைச் சோதித்து, மிஞ்சிய ஆந்த்ராக்ஸை அங்கேயே புதையுங்கள். சுற்றிலும் தண்ணீர்தானே காவல்! பிறகு அந்தக் காவலையும் வயலுக்குப் பாய்ச்சிவிடுங்கள். 2001 வாக்கில் தீவு கரையோடு ஒட்டிக்கொண்டது. மறு வருடம் அமெரிக்க உதவியோடு புதைகுழிகளைச் சுத்தம் செய்தார்கள். பகைவன் பணத்தில் வீடு கூட்டுவது தனிச் சாமர்த்தியம்.

அடுத்து நாட்டை உடையுங்கள். மேலே இருக்கும் கிர்கிஸ்தான், குளிர்கால மின்சாரத்துக்காகத் தோக்தோகுல் அணையைத் திறக்கும். கீழே உஸ்பெகிஸ்தானுக்குக் கோடையில்தான் பாசனம். தண்ணீருக்கு ஈடாக எரிபொருள் என்ற மாஸ்கோவின் பழைய ஏற்பாட்டைக் குலைய விட்டு, 1992இல் செய்தது போல சோவியத் பங்கீட்டை மட்டும் காப்பாற்றுங்கள். அந்தப் பேச்சுக்கு ஆப்கானிஸ்தானைக் கூப்பிடக் கூடாது. 2022இல் தாலிபான் அரசு அமு தாரியாவிலிருந்து 285 கிலோமீட்டர் நீளக் கோஷ் தேபா கால்வாயை வெட்டத் தொடங்கியபோது, எந்த ஒப்பந்தத்தைக் காட்டித் தடுப்பது? 2021 ஏப்ரலில் கிர்கிஸ்–தஜிக் எல்லையில், தண்ணீர் பிரிக்கும் இடத்தில் கேமரா மாட்டப்போய், துப்பாக்கிச் சூடு வரை முற்றிப் பல பத்துப் பேர் செத்தார்கள்.

பாமிர் பனியாறுகள் உருகும்போது கொஞ்ச காலம் ஆற்றில் தண்ணீர் கூடும். அதை நம்பிப் புது வயல் திறக்க மறக்காதீர்கள்.

ஒரே எச்சரிக்கை: கசகஸ்தானைப் பின்பற்றாதீர்கள். 2005இல் உலக வங்கிக் கடனோடு கோக்-அரால் அணையைக் கட்டி முடித்தார்கள்; வட ஆரலில் நீர் ஏறியது, மீனும் திரும்பியது. தெற்கே செய்முறை பிசகவில்லை. அங்கே அமு தாரியா இன்றும் பருத்திக்கும் கோதுமைக்கும் போய்த் தீர்கிறது. கடலை எட்டுவது அரிது.